ஜோசப் போர் அறிக்கையும் ஆரம்ப சுகாதார நிலையமும்

விடுதலை பெற்ற இந்தியாவின் நலவாழ்வுக் கொள்கைக்கு அடிப்படையாக அமைந்த ஆவணம், விடுதலைக்கு முன்பே, இரண்டாம் உலகப் போரின் நடுவில், காலனிய அரசு நியமித்த ஒரு குழுவால் எழுதப்பட்டது. வங்காளம் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டின் அக்டோபர் மாதத்தில், இந்தியக் குடிமைப் பணியில் நெடுங்காலம் இருந்தவரும் கொச்சி சமஸ்தானத்தின் திவானாகப் பணியாற்றியவருமான சர் ஜோசப் போர் தலைமையில் 'சுகாதார ஆய்வு மற்றும் வளர்ச்சிக் குழு' அமைக்கப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரும் மகப்பேறு மருத்துவருமான ஆ. இலட்சுமணசாமி முதலியார், பின்னாளில் மேற்கு வங்க முதலமைச்சரான பிதான் சந்திர ராய், தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷி, கல்கத்தாவின் அகில இந்தியப் பொதுச் சுகாதார நிறுவனத்தை நடத்திவந்த ஜான் கிராண்ட் ஆகியோர் அதன் உறுப்பினர்களில் சிலர். சோவியத் நாட்டின் அரசு மருத்துவ முறையை ஆராய்ந்து நூல் எழுதிய ஹென்றி சிகரிஸ்ட், ஆக்ஸ்ஃபோர்டின் சமூக மருத்துவப் பேராசிரியர் ஜான் ரைல் போன்ற வெளிநாட்டு வல்லுநர்களும் குழுவுக்கு ஆலோசனை வழங்கினர். 1946இல் நான்கு தொகுதிகளாக அறிக்கை வெளிவந்தது. அதன் பிறகு இந்தியாவில் எழுந்த நலவாழ்வு விவாதங்களில் பெரும்பாலானவை, அறிந்தோ அறியாமலோ, அந்த நான்கு தொகுதிகளில் எழுப்பப்பட்ட கேள்விகளையே மீண்டும் எழுப்பியிருக்கின்றன.

குழு தன் கண்முன் கண்ட நிலை கொடுமையானது. 1937ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிரித்தானிய இந்தியாவில் உயிருடன் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 162 குழந்தைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன; அதே ஆண்டில் இங்கிலாந்தில் அந்த எண்ணிக்கை 58ஆகவும் நியூசிலாந்தில் 31ஆகவும் இருந்தது. பிறக்கும் குழந்தை சராசரியாக வாழக்கூடிய காலம் 27 ஆண்டுகள்தான். ஆண்டுதோறும் நிகழ்ந்த சாவுகளில் ஏறக்குறைய பாதி, பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் சாவுகள். முப்பது கோடி மக்களுக்கு ஏறக்குறைய 7,000 செவிலியர்களே இருந்தனர். அதாவது 43,000 பேருக்கு ஒருவர். ஆயிரம் பேருக்கு ஒரு மருத்துவமனைப் படுக்கையின் கால் பங்குகூட இல்லை. இருந்த மருத்துவர்களும் நகரங்களிலேயே குவிந்திருந்ததால், நாட்டின் பெரும்பகுதியாகிய கிராமங்கள் வைத்தியர்களையும் மருத்துவச்சிகளையும் மட்டுமே நம்பி வாழ்ந்தன.

இந்நிலைக்குக் காலனிய ஆட்சியின் போக்கே முதன்மையான காரணம். 1857 கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவில் நிலைகொண்ட படைவீரர்கள் போரில் மாண்டதைவிட நோயில் மாண்டதே மிகுதி என்று கண்ட பிரித்தானிய அரசு, 1859இல் ஓர் ஆணையத்தை நியமித்தது. அதன் பரிந்துரைப்படி அமைந்த சுகாதார ஏற்பாடுகள் படைமுகாம்களையும் வெள்ளையர் குடியிருப்புகளையும் சுற்றியே அமைந்தன. 1896இல் பம்பாயில் பிளேக் பரவியபோது, மறு ஆண்டே கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றப்பட்டு வீடுகளுக்குள் புகுந்து சோதனையிடும் அதிகாரம் அரசுக்குக் கிடைத்தது. ஆனால் குடிநீருக்கும் கழிவுநீருக்கும் உரிய செலவை ஏற்கும் கடமையை அச்சட்டம் அரசின்மீது சுமத்தவில்லை. 1919ஆம் ஆண்டின் மாண்டேகு-செம்ஸ்ஃபோர்டு சீர்திருத்தம் பொதுச் சுகாதாரத்தை மாகாண அமைச்சர்களின் பொறுப்பில் விட்டதோடு, வருவாய் வளம் மிக்க துறைகளை மையத்திலும் ஆளுநர்களின் கையிலும் நிறுத்திக்கொண்டது. பொறுப்பு ஓரிடத்திலும் பணம் வேறோரிடத்திலும் இருக்கும் இந்த அமைப்பு, பின்னர் வந்த எல்லா அரசியல் மாற்றங்களையும் கடந்து நிலைத்துவிட்டது. இத்தகைய நெருக்கடியிலும் சென்னை மாகாணம், இராஜாஜி அமைச்சரவையின் காலத்தில், 1939இல் பொதுச் சுகாதாரத்துக்கென ஒரு முழுமையான சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் அவ்வகைச் சட்டங்களில் அதுவே முதலாவது.

போர் குழுவின் தனிச்சிறப்பு, அது நோயைத் தடுக்கும் பணியையும் நோயைக் குணப்படுத்தும் பணியையும் ஒரே நிறுவனத்தின் கீழ்க் கொண்டுவர முயன்றதில் இருக்கிறது. அதுவரை மருத்துவமனை ஒரு துறையிடமும் தடுப்பூசியும் துப்புரவும் மற்றொரு துறையிடமும் இருந்தன. இவ்விரண்டையும் இணைத்த 'ஆரம்ப சுகாதார நிலையம்' என்னும் அமைப்பைக் குழு முன்வைத்தது. 30 லட்சம் மக்கள் கொண்ட ஒரு மாவட்டத்தை அலகாக எடுத்துக்கொண்டு, 10,000 முதல் 20,000 பேருக்கு 75 படுக்கைகளும் ஆறு மருத்துவர்களும் கொண்ட ஒரு நிலையம், அதற்கு மேல் ஏறக்குறைய 6 லட்சம் பேருக்கு 650 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை, மாவட்டத் தலைநகரில் 2,500 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை என மூன்று அடுக்குகளை அது வகுத்தது. இது முப்பது நாற்பது ஆண்டுகளில் எட்டவேண்டிய நெடுங்கால இலக்கு. உடனடியாகச் செய்யவேண்டிய குறுங்காலத் திட்டத்தில்கூட, 40,000 பேருக்கு இரண்டு மருத்துவர்களும் நான்கு பொதுச் சுகாதாரச் செவிலியர்களும் நான்கு மகப்பேறு உதவியாளர்களும் கொண்ட ஒரு நிலையம் இருக்கவேண்டும் என்று குழு கேட்டது. பணம் செலுத்த இயலாத காரணத்தால் எவருக்கும் சிகிச்சை கிடைக்காமல் போகக்கூடாது என்பதை அடிப்படை நெறியாக அறிக்கை அறிவித்தது. அதற்கேற்ப, மாதச் சம்பளம் பெறும் முழுநேர அரசு மருத்துவர்கள் தனியாகத் தொழில் நடத்துவதைத் தடைசெய்ய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது.

அறிக்கையின் எல்லாப் பரிந்துரைகளும் ஒரே மனத்துடன் ஏற்கப்பட்டவை அல்ல. அக்காலத்தில் இந்தியாவில் இருந்த ஏறக்குறைய 47,500 அலோபதி மருத்துவர்களில் ஐந்தில் மூன்று பங்கினருக்கு மேற்பட்டோர், பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பதிலாக மருத்துவப் பள்ளிகளில் குறுகிய படிப்பை முடித்துச் சான்று பெற்ற 'லைசென்ஷியேட்'டுகள். சென்னை இராயபுரத்தில் பின்னர் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்த நிறுவனமும் அத்தகைய பள்ளியாகவே தொடங்கியது. சிறு ஊர்களில் தொழில் செய்ய முன்வந்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. தரத்தில் தாழ்ந்த மருத்துவரை ஏழைக்கு ஒதுக்குவது தகாது என்ற நியாயத்தின் பேரில், குழுவின் பெரும்பான்மையினர் இப்படிப்பை முற்றிலும் நிறுத்தி, 'அடிப்படை மருத்துவர்' என்ற பட்டதாரியை மட்டுமே உருவாக்கவேண்டும் என்றனர். மருத்துவர் பற்றாக்குறை தீரும்வரை படிப்பைத் தொடரவேண்டும் என்று உறுப்பினர் சிலர் மாறுபட்டனர். பெரும்பான்மையினரின் நோக்கம் உயர்ந்ததே. ஆனால் பட்டதாரி மருத்துவரைக் கிராமத்தில் நிறுத்துவதற்குரிய வீடு, சம்பளம், சாலை, பள்ளிக்கூடம் ஆகியவற்றுக்கான செலவை அரசு ஏற்காமல் லைசென்ஷியேட் படிப்பை மட்டும் மூடியதால், கிராமங்களுக்கு இரண்டு வகை மருத்துவரும் இல்லாமல் போயினர். சித்தம், ஆயுர்வேதம், யுனானி ஆகிய முறைகளைப் பற்றிய முடிவை மாகாண அரசுகளிடமே விட்டுவிட்டதும் அறிக்கையின் பெருங்குறை. மக்கள் உண்மையில் யாரிடம் மருத்துவம் பார்த்துக்கொண்டார்களோ அவர்களுக்குத் திட்டத்தில் இடமே இல்லாமல் போயிற்று.

இதே காலத்தில் வேறொரு பாதையும் முன்வைக்கப்பட்டிருந்தது. 1938இல் காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் அமைத்து, ஜவாஹர்லால் நேரு தலைமை ஏற்ற தேசியத் திட்டக் குழு, கர்னல் சாகிப் சிங் சோக்கி தலைமையில் ஒரு சுகாதாரத் துணைக்குழுவை நியமித்தது. ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற கணக்கில், உள்ளூரிலிருந்தே தெரிந்தெடுத்துப் பயிற்சி அளித்த சுகாதார ஊழியர்களை ஐந்தாண்டுகளில் உருவாக்கவேண்டும் என்பது அதன் மையக் கருத்து. மருத்துவரிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும் போர் திட்டத்துக்கும், ஊர் ஊழியரிலிருந்து தொடங்கி மேலே ஏறும் சோக்கி திட்டத்துக்கும் இடையே தெரிவு செய்யவேண்டிய தேவை இல்லை. இரண்டும் ஒன்றையொன்று நிறைவு செய்யக்கூடியவை. ஆனால் விடுதலைக்குப் பின் அமைந்த அரசு இவ்விரண்டில் எதற்கும் உரிய பணத்தை ஒதுக்கவில்லை.

1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், பொதுச் சுகாதாரத்தையும் மருத்துவமனைகளையும் ஏழாம் அட்டவணையின் மாநிலப் பட்டியலில் 6ஆம் பதிவாக வைத்தது. மக்களின் நலவாழ்வை உயர்த்துவது அரசின் முதன்மைக் கடமைகளில் ஒன்று என்று 47ஆம் உறுப்பு கூறினாலும், அது வழிகாட்டு நெறிகளில் ஒன்றே. நீதிமன்றத்தில் வழக்காடிப் பெறக்கூடிய உரிமை அன்று. முதல் சுகாதார அமைச்சரான ராஜ்குமாரி அம்ரித் கௌர் பத்தாண்டுகள் அப்பதவியில் இருந்து, தில்லியில் அகில இந்திய மருத்துவ அறிவியல் நிறுவனத்தை 1956ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவினார். உயர்நிலை மருத்துவக் கல்விக்கு அது பெருங்கொடை. கிராமத்துக்கோ, 1952 அக்டோபர் 2 அன்று தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தின் ஒரு கிளையாகவே ஆரம்ப சுகாதார நிலையம் வந்து சேர்ந்தது: 60,000 முதல் 1 லட்சம் மக்கள் வரை கொண்ட ஒரு வட்டாரத்துக்கு ஒன்று, அதில் சில படுக்கைகள். போர் குழு கேட்ட 75 படுக்கை நிலையத்தின் பெயர் மட்டுமே அந்தக் கட்டடத்தின் பலகையில் எஞ்சியது. முதல் ஐந்தாண்டுத் திட்டத்தின் மொத்த ஒதுக்கீட்டில் 3.3 சதவீதமாக இருந்த சுகாதாரத்தின் பங்கு, ஐந்தாம் திட்டத்தில் 1.9 சதவீதமாகச் சரிந்தது.

அதேவேளை, நிலையான ஊதியம் பெறுவோருக்கு அரசு விரைவாகவே வழி செய்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பேராசிரியர் அடார்க்கர் 1944இல் அளித்த அறிக்கையின் அடிப்படையில் 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம் நிறைவேறி, 1952 பிப்ரவரியில் அத்திட்டம் கான்பூரில் நேருவால் தொடங்கிவைக்கப்பட்டது. 1954இல் மத்திய அரசு ஊழியர்களுக்கென ஒரு தனி மருத்துவத் திட்டம் தில்லியில் பிறந்தது. ஆலைத் தொழிலாளர் போராடிப் பெற்ற உரிமையைக் குறைசொல்ல இடமில்லை. ஆனால் உழவரும் கூலியாளரும் நெசவாளரும் வெளியே நிற்க, சங்கமாகத் திரண்டவரும் அரசின் அலுவலகத்துக்குள் இருந்தவரும் முதலில் பாதுகாப்புப் பெற்றதனால், எல்லோருக்கும் ஒரே மருத்துவமனை வேண்டும் என்று குரல் எழுப்பக்கூடிய வலிமையான பகுதி அந்தக் கோரிக்கையிலிருந்தே விலகிச் சென்றது. உலகப் போரால் கடன்பட்டு நின்ற பிரித்தானியா 1948 ஜூலை 5 அன்று குடிமக்கள் அனைவருக்கும் ஒரே தேசிய நலவாழ்வுச் சேவையைத் தொடங்கியபோது, அங்கே சுரங்கத் தொழிலாளியும் ஆசிரியரும் அதே சேவைக்குள் இருந்தது அச்சேவையின் அரசியல் பாதுகாப்பாக அமைந்தது.

ஆரம்ப சுகாதார நிலையத்தை வலுவிழக்கச் செய்த மற்றொன்று, ஒரே நோயை மட்டும் குறிவைத்துத் தனி ஆட்களையும் தனி நிதியையும் தனி அதிகாரத்தையும் கொண்டு இயங்கிய 'செங்குத்துத் திட்டங்கள்'. விடுதலையின்போது ஆண்டுக்கு 7.5 கோடிப் பேரைத் தாக்கி 8 லட்சம் பேரைக் கொன்றதாக மதிப்பிடப்பட்ட மலேரியாவை எதிர்த்து, 1953இல் கட்டுப்பாட்டுத் திட்டமும் 1958இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. வீட்டுச் சுவர்களில் டி.டி.டி. மருந்தைத் தெளித்ததன் பயனாக, 1965 வாக்கில் நோயாளர் எண்ணிக்கை ஏறக்குறைய 1 லட்சமாகக் குறைந்தது. இது வியத்தகு சாதனை. ஆனால் கொசு மருந்துக்குப் பழகியதாலும், அடக்கப்பட்ட நோயைத் தொடர்ந்து கண்காணிக்கவேண்டிய உள்ளூர் நிலையங்கள் ஆளும் பணமும் இன்றி இருந்ததாலும், 1976இல் நோயாளர் எண்ணிக்கை 64 லட்சமாக உயர்ந்தது. மாறாக, காசநோய்க்குச் சென்னை காட்டிய வழி எளிய நிலையத்தின் ஆற்றலை உணர்த்தியது. 1956இல் சென்னையில் அமைந்த காசநோய் வேதிச்சிகிச்சை மையம், சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுத்திருந்த நோயாளிகளையும் நெரிசலான வீடுகளில் இருந்தபடியே மருந்து உட்கொண்டவர்களையும் ஒப்பிட்டு, குணமாவதில் பெரிய வேறுபாடு இல்லை என்று 1959இல் நிறுவியது. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைச் சுவர்களுக்கு வெளியே கொண்டுவந்த ஆய்வு அது.

1959இல் நியமிக்கப்பட்டு 1961இல் அறிக்கை அளித்த இரண்டாவது பெருங்குழுவுக்கு இலட்சுமணசாமி முதலியாரே தலைவர். தாம் கையெழுத்திட்ட முதல் அறிக்கைக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் மதிப்பிடும் பொறுப்பு அவருக்கு வாய்த்தது. ஆளும் கருவியும் இல்லாத நிலையங்களைப் பெருக்குவதைவிட, இருப்பவற்றை முதலில் செம்மைப்படுத்தவேண்டும், ஒரு நிலையம் 40,000 பேருக்கு மேல் பொறுப்பேற்கக்கூடாது என்று அக்குழு கூறியது. கேட்கப்பட்டது போர் குழுவின் குறுங்கால இலக்கே, அதுவும் நிறைவேறவில்லை.

அறுபதுகளின் நடுவிலிருந்து நிலையத்தின் ஊழியர்கள் வேறொரு பணிக்குத் திருப்பப்பட்டனர். 1952இலேயே குடும்பக் கட்டுப்பாட்டை அரசுத் திட்டமாக ஏற்ற நாடு இந்தியா. 1966இல் அதற்கெனத் தனித் துறை அமைந்து, ஒவ்வொரு ஊழியருக்கும் இலக்கு எண்ணிக்கை விதிக்கப்பட்டபோது, காய்ச்சலுக்கு மருந்து தரவேண்டியவர் அறுவைக்கு ஆள்பிடிப்பவராக மாறினார். 1975 ஜூனில் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலையின்போது இது வன்முறையாயிற்று. 1976-77ஆம் ஆண்டில் மட்டும் 82 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடை அறுவைகள் நடந்தன. அதே 1976இல் நிறைவேறிய 42ஆம் அரசியலமைப்புத் திருத்தம், மக்கள்தொகைக் கட்டுப்பாட்டை மைய அரசும் மாநில அரசும் சட்டமியற்றக்கூடிய பொதுப்பட்டியலில் 20அ பதிவாகச் சேர்த்தது. மருத்துவமனை மாநிலத்தின் சுமையாகவே நீடிக்க, பிறப்பைத் தடுக்கும் அதிகாரத்தை மட்டும் மையம் பங்கிட்டுக்கொண்டது என்பதே இதன் பொருள். 1977 தேர்தலில் வட மாநிலங்களில் காங்கிரஸ் அடைந்த தோல்விக்குக் கட்டாயக் கருத்தடை ஒரு முதன்மைக் காரணமாக இருந்தது. சுகாதார ஊழியரைக் கண்டால் ஓடி ஒளியும் அச்சம் பல ஊர்களில் நெடுங்காலம் நீடித்தது. அந்த நம்பிக்கையிழப்பின் விலையைத் தடுப்பூசித் திட்டங்களும் செலுத்தவேண்டியிருந்தது.

ஜனதா ஆட்சியில் 1977 அக்டோபர் 2 அன்று சமுதாய சுகாதார ஊழியர் திட்டம் தொடங்கி, ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற சோக்கியின் எண்ணம் மாதம் 50 ரூபாய் மதிப்பூதியத்துடன் திரும்பி வந்தது. மறு ஆண்டு அல்மா-ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தது. 1983இல் நாடாளுமன்றத்தின் ஒப்புதலுடன் இந்தியாவின் முதல் தேசிய சுகாதாரக் கொள்கை வெளியாயிற்று. 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம் என்ற அளவு இக்காலத்தில் நிலைபெற்றது. அதே 1983இல் சென்னையில் அப்போலோ மருத்துவமனை திறக்கப்பட்டது. அரசின் முதலீடு தேங்கிய அடுத்த இருபது ஆண்டுகளில் தனியார் மருத்துவம் பெருகியது. கடன் வாங்கியும் நிலத்தை விற்றும் மருத்துவம் பார்ப்பது ஏழைக் குடும்பங்களின் வழக்கமாயிற்று.

தமிழ்நாடு இக்காலத்தில் ஓரளவு மாறுபட்ட பாதையில் சென்றதற்குக் காரணம், மருத்துவமனைகளை நடத்தும் துறையிலிருந்து வேறாகப் பொதுச் சுகாதாரத்துக்கென ஓர் இயக்குநரகத்தையும், பயிற்சி பெற்ற தனி அலுவலர் அணியையும் அது கைவிடாமல் காத்ததுதான். 1994இல் உருவான தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மருந்துகளை மாநிலம் முழுவதற்கும் ஒரே இடத்தில் ஏலமுறையில் வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகள் வழியே அனுப்பியதால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மாத்திரை கிடைக்கும் என்ற உறுதி மக்களுக்கு ஏற்பட்டது. நிலையங்களில் மூன்று செவிலியரை முறைவைத்து அமர்த்தி இருபத்துநான்கு மணி நேரமும் பிரசவம் பார்க்கும் ஏற்பாடு பின்னர் வந்தது. 2020ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, நாட்டின் குழந்தை இறப்பு விகிதம் ஆயிரத்துக்கு 28ஆக இருக்க, தமிழ்நாட்டில் அது 13. ஆரவாரமற்ற நிருவாக ஒழுங்கு எத்தனை உயிர்களைக் காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

2005 ஏப்ரலில் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஆஷா எனப்படும் பெண் ஊழியரை ஆயிரம் பேருக்கு ஒருவராக நியமித்து, மூன்றாம் முறையாக அதே எண்ணத்துக்கு உயிர் கொடுத்தது. ஆனால் அவரைச் சம்பளம் பெறும் பணியாளராக ஏற்காமல், செய்யும் வேலைக்கேற்ப ஊக்கத்தொகை பெறும் தன்னார்வலராகவே வைத்தது. நாட்டின் முதல்நிலை மருத்துவத்தைத் தோளில் தாங்கும் பெண்கள் இன்றும் ஊதியம் கேட்டுச் சாலையில் அமரவேண்டியிருப்பது பெரும் அநீதி. மறுபுறம், ஆந்திரத்தில் 2007இல் ராஜீவ் ஆரோக்கியஸ்ரீயும் தமிழ்நாட்டில் 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமும் வந்து, இதய அறுவைக்கும் புற்றுநோய்க்கும் அரசே தனியார் மருத்துவமனைக்குக் கட்டணம் செலுத்தும் முறை தேர்தல் களத்தில் செல்வாக்குப் பெற்றது. நலவாழ்வு வாக்குக் கேட்கும் பொருளானது இந்தத் திட்டங்களால்தான். 2018 செப்டம்பரில் மைய அரசு இந்தக் காப்பீட்டு முறையை ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் என விரிவாக்கியது. ஆனால் காப்பீட்டு அட்டை மருத்துவமனையில் சேர்ந்தவருக்கே பயன்படும். சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குபவரின் செலவை அது தொடுவதில்லை. தமிழ்நாடு 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுசென்றது, அவ்வகையில் போர் குழுவின் எண்ணத்துக்கு நெருக்கமானது.

2017ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை, அரசின் சுகாதாரச் செலவை 2025க்குள் நாட்டு மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாக உயர்த்துவதாக வாக்களித்தது. கோவிட் பெருந்தொற்றின் செலவும் சேர்ந்த 2021-22ஆம் ஆண்டில்கூட அது 1.84 சதவீதத்தையே எட்டியது; மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம் குடும்பங்களின் கைப்பணத்திலிருந்தே சென்றது. 15ஆம் நிதிக்குழு நியமித்த வல்லுநர் குழு, சுகாதாரத்தை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப்பட்டியலுக்கு மாற்றவும், நலவாழ்வை அடிப்படை உரிமையாக அறிவிக்கவும் பரிந்துரைத்தது. இவற்றுள் இரண்டாவது, 47ஆம் உறுப்பால் தர இயலாததைக் குடிமக்களுக்குத் தரும். முதலாவதோ, மாநிலங்களின் எஞ்சிய அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டு செலவை அவற்றின்மீதே விட்டுவிடும் இடர் உடையது; 1976ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நினைவு உள்ள எந்த மாநிலமும் அதை எளிதில் ஏற்காது. பரிந்துரைகள் இரண்டும் இதுவரை சட்டமாகவில்லை, 6ஆம் பதிவு 1950இல் இருந்த இடத்திலேயே இருக்கிறது.